பழைய ஆர்பிஜி கேம்களின் ஒரிஜினல் சிடி இன்னும் யாரிடமாவது இருக்கிறதா?

மெழுகுத்திரி:

பால்டர்ஸ் கேட் ஓர் ஆர்பிஜி, அதாவது நாமே ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் கேம். அதன் முதல் பாகம் 1998 டிசம்பரில் வந்தது. கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் உருவாக்கியது, இன்டர்ப்ளே தன் பிளாக் ஐல் பிரிவின் மூலம் வெளியிட்டது. மொத்தம் ஐந்து சிடி. அதே கேமை இன்றைக்குக் காசு கட்டிய சற்று நேரத்தில் இறக்கிவிடலாம், புது விண்டோஸிலும் தகராறு இல்லாமல் ஓடும். அப்படியும் அந்தப் பழைய பெட்டியை விற்கவோ தூக்கிப் போடவோ எனக்கு மனம் வரவில்லை. அது வெறும் பழைய நினைவுப் பாசம் என்று நான் நினைக்கவில்லை.

ஒரிஜினல் பிரதி என்றால் சிடி மட்டும் கிடையாது. சிடி, மேனுவல், வரைபடம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கேம். பால்டர்ஸ் கேட் மேனுவலைத் திறந்தால் வோலோ என்கிற ஊர்சுற்றி அந்த நாட்டைப் பற்றி அளந்து விட்டிருப்பார். அங்கங்கே எல்மின்ஸ்டர் என்கிற முதிய மந்திரவாதி குறுக்கே புகுந்து அவரைத் திருத்திக்கொண்டே வருவார். சிடி இன்ஸ்டால் ஆகும் நேரத்தில் இதைப் படித்துவிட்டுத்தான் கதை தொடங்கும் இடமான கேண்டில்கீப்புக்குள் நுழைவோம். ஊரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஊர் வம்பு தெரிந்திருக்கும்.

பிடிஎஃப் ஆக அதே மேனுவல் இப்போதும் கிடைக்கிறது. திறந்து படிப்பவர் எத்தனை பேர்? பெட்டியில் மேலாக வைத்திருந்த புத்தகத்துக்கும், எங்கோ ஒரு ஃபோல்டரில் கிடக்கும் கோப்புக்கும் ஒரே மரியாதை கிடைப்பதில்லை. உங்களிடம் என்னென்ன இருக்கின்றன, ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

வால்ட்13:

என்னிடம் முதல் ஃபால்அவுட் இருக்கிறது. 1997, ஒரே ஒரு சிடி. ஆனால் மேனுவல்தான் பொக்கிஷம். சுருள் கம்பி கட்டிய புத்தகம். அட்டையைப் பார்த்தால் கேம் மேனுவல் மாதிரியே இருக்காது. நிலவறையில் வாழ்பவருக்கு அந்த நிலவறையைக் கட்டிய கம்பெனியே அச்சடித்துக் கொடுத்த உயிர் பிழைக்கும் வழிகாட்டி என்கிற தோரணையில் எழுதியிருப்பார்கள். அணுகுண்டு வெடித்தால் எவ்வளவு தூரத்துக்கு என்ன பாதிப்பு என்று பாடப்புத்தக நடையில் ஒரு விளக்கம் வரும். கடைசிப் பக்கங்களில் சமையல் குறிப்புகள்கூட உண்டு, அதுவும் நிஜமாகவே செய்து சாப்பிடக்கூடியவை!

இன்ஸ்டால் செய்யும்போது அளவு கேட்கும். அதில் மிகப் பெரிய அளவுக்கு 'ஹியூமங்கஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேம் தொடங்குவதற்கு முன்பே அதன் குரல் நம் காதில் விழுந்துவிடும். இப்போது ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் தானாக நடந்துவிடுகிறது. வசதிதான், மறுக்கவில்லை.

சேவ்பாயிண்ட்:

நான் எதிர்க்கட்சி. ஒரிஜினல் சிடி வைத்திருந்தவன்தான், அதனால்தான் சொல்கிறேன். பால்டர்ஸ் கேட்டில் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நடந்தால் வேறு சிடி போடச் சொல்லும். போட்டு, டிரைவ் சுற்றி எழுந்து, அந்த இடம் திரையில் வருவதற்குள் எதற்காக அங்கே வந்தோம் என்பதே மறந்துவிடும். பெரிய நகரத்துக்குள் ஒரு வேலையை முடிக்க எத்தனை தடவை எழுந்து சிடி மாற்றியிருப்போம்! அதையா திரும்ப வேண்டும் என்கிறீர்கள்?

இன்னொன்று. அன்றைக்கு வந்த சிடிக்களில் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்கிற நகல் தடுப்பு இருந்தது. அது விண்டோஸின் அடி ஆழத்தில் ஒரு டிரைவரை நம்பி ஓடுவது. பாதுகாப்பு ஓட்டை என்று 2015இல் மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரைக் கைவிட்டது, விண்டோஸ் 10இல் அது ஓடவே ஓடாது. காசு கொடுத்து வாங்கியவரின் சிடி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் கேம் திறக்காது. ஆட முடியாத கேமை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஜிஓஜி என்கிற இணையக் கடை மாதிரி ஆட்கள் 2008இல் வந்து பழைய கேம்களைப் பூட்டு இல்லாமல் விற்க ஆரம்பித்திருக்காவிட்டால் நம்மில் பாதிப் பேர் இவற்றைத் திரும்ப ஆடியிருக்கவே மாட்டோம்.

மெழுகுத்திரி:

சிடி மாற்றும் தொல்லையை நான் பாராட்டவில்லை, சேவ்பாயிண்ட். அதற்கு அப்போதே வழி இருந்தது. கேம் ஃபோல்டரில் பால்டர் ஐஎன்ஐ என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் சிடி1 முதல் வரிசையாக ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, எதிரே சிடி டிரைவின் எழுத்து. ஐந்து சிடிக்களில் உள்ளதையும் ஹார்ட் டிஸ்கில் தனித்தனி ஃபோல்டராகக் காப்பி செய்துவிட்டு, அந்த வரிகளில் டிரைவ் எழுத்துக்குப் பதில் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால் போதும், பிறகு சிடி மாற்றச் சொல்லி நிற்காது. சிக்கல் என்னவென்றால் அன்றைக்கு ஒரு வீட்டு கம்ப்யூட்டரின் மொத்த ஹார்ட் டிஸ்கே சில ஜிபிதான். ஒரு கேமுக்கு அவ்வளவு இடம் ஒதுக்க வீட்டில் சம்மதம் வாங்க வேண்டும்.

சேஃப்டிஸ்க் பற்றிச் சொன்னது முழுக்க நியாயம். பூட்டைக் கேமோடு சேர்த்து விற்ற கம்பெனிகள் செய்த வேலை அது. தண்டனை மட்டும் வாங்கியவருக்கு.

பம்பலப்பிட்டி:

வணக்கம். உங்கள் எல்லாருடைய கதையும் எங்களுக்கு எட்டாத கதை. கொழும்பில் அந்தக் காலத்தில் கேம் வாங்குவதென்றால் யூனிட்டி பிளாசாவுக்குப் போய்க் காப்பி சிடி வாங்குவதுதான். வெள்ளைச் சிடியில் மார்க்கரால் பெயர் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருவார்கள். பெட்டியும் இல்லை, புத்தகமும் இல்லை.

இதனால் என்ன ஆனது தெரியுமா? பால்டர்ஸ் கேட்டில் தாக்கோ என்று ஓர் எண் இருக்கும். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இரண்டாம் பதிப்பு விதி. மற்ற எல்லாக் கேமிலும் எண் கூடினால் நல்லது, இதில் குறைந்தால்தான் நல்லது. கவசத்தின் எண்ணும் அப்படித்தான். நம்முடைய தாக்கோவிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்தால் வருவது, இருபது முகப் பகடையில் குறைந்தபட்சம் விழ வேண்டிய எண். தாக்கோ 20, எதிரியின் கவசம் 5 என்றால் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். மேனுவல் வைத்திருந்தவர்கள் இதை ஒரு பக்கத்தில் படித்து முடித்தார்கள். எங்கட கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஊகித்துச் சண்டை பிடித்தோம். பாரமான கவசம் போட்டால் எண் குறைகிறதே, அப்படியென்றால் இது கெட்ட கவசம் என்று நல்ல கவசத்தைக் கடையில் விற்ற நண்பனும் உண்டு.

ஆகவே மெழுகுத்திரி அண்ணா சொல்வது எனக்கு வேறு வழியால் விளங்குகிறது. சிடி எங்களிடம் இருந்தது. காகிதம்தான் இல்லை. கேமின் பாதி எங்களுக்கு வந்து சேரவே இல்லை.

நெகிழ்வட்டு:

நான் இங்கே கொஞ்சம் மூத்தவன், சிடிக்கு முந்தைய காலத்திலிருந்து சொல்கிறேன். பம்பலப்பிட்டி 'கேமின் பாதி' என்று எழுதியது மிகைப்படுத்தல் இல்லை, 80களில் அது நேரடி உண்மை. ஃப்ளாப்பியில் இடம் இல்லாததால் கதையையே காகிதத்தில் வைத்தார்கள்.

1988இல் எஸ்எஸ்ஐ வெளியிட்ட பூல் ஆஃப் ரேடியன்ஸ் கேமில் ஒரு நாட்குறிப்புப் புத்தகம் வரும். கேமில் ஓர் அறைக்குள் நுழைந்தால், இத்தனையாவது குறிப்பைப் படி என்று திரையில் ஓர் எண் மட்டும் காட்டும். புத்தகத்தை எடுத்துப் புரட்ட வேண்டும். அதில் பொய்க் குறிப்புகளும் கலந்திருக்கும், முன்கூட்டியே புரட்டிப் படிப்பவர் ஏமாறுவதற்காகவே. கூடவே ஓர் அட்டைச் சக்கரம். ஒன்றின் மேல் ஒன்று சுழலும் வட்டங்கள், ஓரத்தில் எல்ஃப் எழுத்தும் குள்ளர் எழுத்தும். கேம் காட்டும் இரண்டு குறிகளை நேருக்கு நேர் கொண்டுவந்து, துளையில் தெரியும் சொல்லைத் தட்டினால்தான் உள்ளே விடும். இது காப்பி அடிப்பதைத் தடுக்க வைத்தது. ஆனால் கதைக்குள் கிடைக்கும் பழைய ஓலைகளைப் படிக்கவும் அதே சக்கரம்தான் வேண்டும். பூட்டும் விளையாட்டுச் சாமானும் ஒன்றே. சேஃப்டிஸ்க்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்!

அதே வருடம் இன்டர்ப்ளே செய்த வேஸ்ட்லேண்டும் இதே பாணி. அதன் பத்திப் புத்தகத்தில் செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் படையெடுப்பதாக ஒரு முழுக் கிளைக்கதை உண்டு. கேமில் அப்படி எதுவும் நடக்கவே நடக்காது. அதைவிட முக்கியமானது, வேஸ்ட்லேண்டில் நீங்கள் செய்யும் மாற்றங்கள் எல்லாம் அந்த ஃப்ளாப்பியிலேயே எழுதப்படும். கொன்றவர் கொன்றவர்தான். அதனால் முதலில் நகல் எடுத்துக்கொண்டு ஆடு என்று கம்பெனியே சொன்னது. நகல் எடுக்காமல் ஆடியவரின் ஒரிஜினல் ஃப்ளாப்பி இன்று உங்கள் கைக்கு வந்தால், அதில் யாரோ ஒருவர் ஆடி முடித்த உலகம் அப்படியே இருக்கும்.

அப்புறம் அல்டிமா. இதைப் பற்றி எழுதாமல் போக முடியாது. அதை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட் 1982இல் இரண்டாம் அல்டிமாவிலிருந்தே துணியில் அச்சடித்த வரைபடம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். நான்காவதில், 1985இல், பெட்டிக்குள் உலோகத்தில் ஓர் ஆங்க் சின்னம் (தலையில் வளையம் உள்ள சிலுவை), துணி வரைபடம், வரலாற்றுக்கு ஒன்றும் மந்திரங்களுக்கு ஒன்றுமாக இரண்டு புத்தகங்கள். ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் உச்சம் 1992இல் வந்த ஏழாவது. கன்னங்கரேலென்று ஒரு பெட்டி. உள்ளே மேனுவலாக வருவது ஃபெல்லோஷிப் என்கிற அமைப்பின் புத்தகம், அதன் தலைவர் பாட்லின் எழுதியதாக. கேம் நடக்கும் பிரிட்டானியா நாட்டின் வரலாறு, ஊர்கள், நற்பண்புகள் எல்லாம் அவர் வாயாலேயே கேட்கிறோம். பணிவாக, இனிமையாக எழுதியிருப்பார். கேமை ஆட ஆடத்தான் அந்த அமைப்பு எப்பேர்ப்பட்டது என்று புரியும். அப்போது மேனுவலைத் திரும்ப எடுத்துப் படித்தால் ஒவ்வொரு வரியும் வேறு அர்த்தம் தரும். டிரின்சிக் நகரத்தை விட்டு வெளியேறும் முன் அந்த ஊர் மேயர் கேள்வி கேட்பார். பதில் மேனுவலிலும் துணி வரைபடத்திலும் இருக்கும். அதாவது பாட்லினின் பிரசாரத்தைப் படிக்காமல் நீங்கள் ஊர் வாசலைத் தாண்ட முடியாது. பதில்களை மட்டும் வேறெங்கோ பார்த்துத் தட்டி உள்ளே போனவருக்கு இந்த அனுபவம் கிடைக்க வழியே இல்லை.

சேவ்பாயிண்ட்:

நெகிழ்வட்டு ஐயா, அந்த ஏழாம் அல்டிமா விஷயம் எனக்குப் புதிது. சரி, காகிதம் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது சிடிக்கான வாதம் இல்லையே?

விஸ்துலா:

போலந்தில் வேலை பார்க்கிறேன், இங்கிருந்து ஒரு கதை. சேவ்பாயிண்ட் ஜிஓஜியைப் பற்றி எழுதியதால் நினைவு வந்தது.

90களில் இங்கேயும் திறந்தவெளிச் சந்தைகளில் காப்பி சிடிதான், பம்பலப்பிட்டி சொன்ன அதே நிலைமை. மார்சின் இவின்ஸ்கி, மிஹாவ் கிசின்ஸ்கி என்கிற இருவர் 1994இல் சிடி ப்ராஜெக்ட் என்று ஒரு கேம் விற்பனைக் கம்பெனி ஆரம்பித்தார்கள். பால்டர்ஸ் கேட்டைப் போலிஷ் மொழியில் கொண்டுவர முடிவு செய்தார்கள். சந்தையில் சல்லிசாகக் கிடைக்கப்போகும் கேமை அதிக விலைக்கு யார் வாங்குவார்? பெட்டியை நிரப்பினார்கள். தோல் காகிதம் போன்ற வரைபடம், டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப் புத்தகம், இசைக்கென்று தனியாக ஒரு ஆடியோ சிடி. குரலுக்கு நாட்டின் பெயர்பெற்ற நடிகர்களைப் பிடித்தார்கள், கதைசொல்லியாகப் பேசியவர் பியோத்ர் ஃப்ரொன்செவ்ஸ்கி. இங்கே என்னோடு வேலை செய்பவர்கள் இன்றும் அவர் குரலில் வரும் வசனங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். 1999இல் வெளியான முதல் நாளே 18,000 பெட்டிகள் கடைகளுக்குப் போயின. அன்றைய போலந்தில் எந்தக் கேமுக்கும் சாதாரணமாக நடக்காத எண்ணிக்கை.

அதே கம்பெனிதான் பின்னால் விட்சர் என்கிற கேமைச் செய்தது. ஜிஓஜியை ஆரம்பித்ததும் அதே கம்பெனிதான். பூட்டு போட்டுக் காப்பி சிடியை வெல்ல முடியாது, வாங்குகிறவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் வெல்லலாம் என்பதை அவர்கள் கற்றுக்கொண்டது அந்தப் பெட்டியில்தான் என்று நினைக்கிறேன். ஆகவே பெட்டிக் கட்சியும் டவுன்லோட் கட்சியும் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

வால்ட்13:

அருமை விஸ்துலா. சேவ்பாயிண்ட் கேட்டாரே, சிடிக்கான வாதம் எங்கே என்று. இதோ.

ஃபால்அவுட் முதல் இரண்டு பாகங்களிலும் துப்பாக்கி குறி தவறினால் குழந்தைகளும் சாகலாம். இதற்குப் பயந்து ஐரோப்பாவில் விற்ற பதிப்பில் குழந்தைகளின் உருவங்களையே நீக்கிவிட்டார்கள். உருவத்தை மட்டும்தான் நீக்கினார்கள். இரண்டாம் பாகத்தில் டென் என்கிற ஊரில் கடை வாசலில் நிற்கும் சிறுவர்கள் பையில் கைவிட்டுத் திருடுவார்கள். ஐரோப்பியப் பதிப்பில் அங்கே ஆளே தெரியாது, ஆனால் சாமான் மட்டும் காணாமல் போகும். வசனம் மட்டும் காற்றில் மிதக்கும். அமெரிக்கச் சிடியும் பிரிட்டிஷ் சிடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இந்த வரலாறு கண்ணுக்குத் தெரியும். ஒரே பெயரில் இரண்டு கேம்.

பால்டர்ஸ் கேட்டும் அப்படித்தான். 2012இல் மேம்படுத்திய பதிப்பு வந்தபோது புதிதாகத் துணைவர்களைச் சேர்த்தார்கள், பழைய கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வீடியோக்களை எடுத்துவிட்டு ஓவியப் பாணியில் புது வீடியோ வைத்தார்கள். நல்ல வேலை, நானே அதில் ஆடுகிறேன். ஆனால் 1998இல் மக்கள் பார்த்தது அது இல்லை. இப்போது ஜிஓஜியில் மேம்படுத்தியதை வாங்கினால் பழையதும் கூட வருகிறது என்பது நமக்கு அதிர்ஷ்டம். எல்லாக் கேமுக்கும் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை. 2010க்கு முன்பு அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. சிடியில் அச்சடித்ததை யாரும் பேட்ச் போட்டு மாற்ற முடியாது. அதுதான் வாதம்.

சேவ்பாயிண்ட்:

இது சரியான பதில். அப்படியானால் அடுத்த கேள்வி, அந்தச் சிடி எத்தனை காலம் தாங்கும்?

டிராக்02:

பழைய டிஸ்க்குகளை இமேஜ் எடுப்பதுதான், அதாவது டிஸ்க்கில் உள்ளதை அப்படியே கோப்பாக நகல் எடுப்பதுதான் என் பொழுதுபோக்கு, அதனால் நானே சொல்கிறேன்.

கம்பெனியில் அச்சான சிடியும் வீட்டில் எழுதிய சிடியும் வேறு. அச்சான சிடியில் தகவல் பிளாஸ்டிக்கில் பதிந்த குழிகளாக இருக்கும், மேலே மெல்லிய அலுமினியப் பூச்சு. வீட்டில் எழுதியதில் அது ஒரு சாயம், சீக்கிரம் மங்கும். பம்பலப்பிட்டியின் வெள்ளைச் சிடிக்கள் எங்காவது இருந்தால் முதலில் அவற்றைத்தான் காப்பாற்ற வேண்டும்.

எல்லோரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். உண்மையில் ஆபத்து மேல்பக்கம், படம் அச்சான பக்கம். சிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர், அதில் ஏறக்குறைய முழுவதும் அடிப்பக்கத்து பிளாஸ்டிக்தான். அங்கே கீறினால் பாலிஷ் போட்டுத் தேற்றலாம். மேலே அலுமினியத்துக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் ஒரு பூச்சு மட்டுமே. அங்கே கீறல் விழுந்தால் தகவலே போச்சு. அந்தப் பூச்சு வழியாக ஈரமும் காற்றும் நுழைந்தால் அலுமினியம் அரிக்கும். பல்புக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசி முனை அளவில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சென்னை, கொழும்பு மாதிரி கடலோர ஊர்களில் புழுக்கமான அலமாரியில் வைக்காதீர்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டவும் கூடாது.

இமேஜ் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஐஎஸ்ஓ என்கிற ஒற்றைக் கோப்பாக எடுத்து வைத்தால் போதாது. பிட்ரேயல் அட் க்ரோண்டர் சிடி பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் முதல் டிராக் மட்டும்தான் கேம், மீதி எல்லாம் பாட்டு சிடியில் இருப்பது மாதிரி சாதாரண ஆடியோ டிராக்குகள். ஐஎஸ்ஓ அந்த முதல் டிராக்கோடு நின்றுவிடும். கேம் ஓடும், இசை வராது, ஏன் என்றும் தெரியாது. 'பின்' (.bin), 'க்யூ' (.cue) என்று இரண்டு கோப்புகளாக எடுத்தால் ஆடியோவும் சேர்ந்து வரும். ஃப்ளாப்பி வைத்திருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம், காந்தப் பதிவு சிடியைவிட வேகமாகப் போகும்.

நெகிழ்வட்டு:

டிராக்02 எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். காகிதத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். சுருள் கம்பி மேனுவலைப் பிரிக்காமலே விரித்து வைக்கலாம், அது ஒரு வசதி. அட்டைச் சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி எல்லா நிலையிலும் படம் எடுக்க வேண்டும்.

உறை பிரிக்காத பெட்டிகளைப் பெரிய விலைக்கு வாங்கி, கண்ணாடிக் கூட்டில் அடைத்து வைப்பவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. படிக்காத மேனுவலும் விரிக்காத வரைபடமும் யாருக்கு?

வால்ட்13:

அதில் உடன்பாடு இல்லை ஐயா. உறை பிரிக்காத ஒன்று இருந்தால்தான் உள்ளே என்னென்ன வைத்து விற்றார்கள் என்று நாளைக்குச் சந்தேகம் வராமல் தெரியும். ஒன்றிரண்டு அப்படியே இருக்கட்டும், மீதியை நாம் புரட்டுவோம்.

மார்க்கம்வாசி:

இவ்வளவு தெரிந்தவர்கள் இருக்கும் இடத்தில் ஒரு கேள்வி. டொரோண்டோ பக்கம் இருக்கிறேன். இங்கே ஒரு பழைய சாமான் கடையில் பிளேன்ஸ்கேப் டார்மென்ட் பார்த்தேன். பெட்டி இல்லை, சிடிக்களும் மேனுவலும் மட்டும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். விலை சொற்பம். பெட்டி இல்லாமல் வாங்கலாமா?

டிராக்02:

முதலில் எண்ணிப் பாருங்கள், 1999இல் வந்த பதிப்பு என்றால் நான்கு சிடி இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த இடத்துக்குப் போகும்போது கேம் நின்றுவிடும். படம் உள்ள பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள், மேலே சொன்ன புள்ளிகள் இருக்கின்றனவா என்று. ரப்பர் பேண்ட் ஒட்டிக் காய்ந்திருந்தால் இழுக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் மெதுவாக எடுங்கள்.

மெழுகுத்திரி:

மேனுவல் இருக்கிறது அல்லவா? வாங்கிவிடுங்கள். சிடி நான்கும் படிக்கவில்லை என்றாலும் வாங்குங்கள், என்னிடம் நல்ல நிலையில் இருக்கும் சிடிக்களோடு ஒப்பிட்டு எந்தக் கோப்பு போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். ஸ்கேன் எடுக்கும்போது பக்கங்களை 600 டிபிஐயில் எடுங்கள், ஓரத்தில் முந்தைய சொந்தக்காரர் ஏதாவது குறித்து வைத்திருந்தால் அழிக்க வேண்டாம்.